ஆறில்லாத ஊரில் ஆற்றுக்கல்: செட்டிநாட்டுத் தரை அசைகிறதா?

தேவகோட்டை வாசகர் கேட்டது, 12 ஜூலை 2025

காரைக்குடியில் மாமா வீட்டுப் பழைய கிணற்றை ஆழப்படுத்துகிறோம். மேலே செம்மண், அப்புறம் செம்புறாங்கல், அதையும் உடைத்துக்கொண்டு போனால் வெளுத்த மணல். அந்த மணலுக்குள் கோழிமுட்டை அளவில் வழவழவென்று உருண்டைக் கற்கள். கிணறு வெட்டுகிறவர் "இது ஆத்துக் கல்லுதான், சந்தேகமே இல்லை" என்கிறார். காரைக்குடியில் ஏது ஆறு? நிலநடுக்கம் வந்து ஆறு ஒரே நாளில் இடம் மாறிப்போனது என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். நம் பூமி ஆடாத பூமி என்றல்லவா பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

12 ஜூலை, இரவு 10.20

கிணறு வெட்டுகிறவர் சொன்னது சரி. காணொளிக்காரர் சொன்னது தப்பு. பள்ளிக்கூடத்தில் சொன்னது பாதி சரி.

ஆடாத பூமி என்று ஒன்று கிடையாது தம்பி. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஆடியது, ரிக்டரில் 6-ஐ ஒட்டிய ஆட்டம். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஆடி, சென்னையில் ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நம் நாட்டையே சுமந்துகொண்டிருக்கும் பாறைத் தட்டே ஆண்டுக்கு 5 அடி வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. கல்லைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

13 ஜூலை, காலை 6.05

5 அடி இல்லை, 5 செ.மீ. தூக்கத்தில் எழுதியது. இந்த இழையைப் படிக்கிற கானாடுகாத்தான் அண்ணன் அதற்குள் பிடித்துவிட்டார்: "5 அடி நகர்ந்தால் வருஷா வருஷம் பத்திரத்தில் நான்கு எல்லையையும் மாற்றி எழுத வேண்டியிருக்குமே" என்று. நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

15 ஜூலை, மாலை

இப்போது கல். இது நீளும்.

செம்புறாங்கல்லை எல்லோரும் பாறை என்று நினைக்கிறோம். சின்ன வயதில் அப்பச்சி புதுவீட்டுக் கடைக்காலுக்குக் கல் எடுக்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். குழியிலிருந்து வெட்டியெடுத்த உடனே அந்தக் கல் ஈரமாக, கோடாலிக்கு வெண்ணெய் மாதிரி இறங்கியது. அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அதே கல்லில் ஆணி இறங்கவில்லை. காற்றும் வெயிலும் பட்டால் இறுகும். அதாவது அது பிறவியிலேயே பாறை இல்லை. மழையும் வெயிலுமாக மாறி மாறி அடித்து, மண்ணில் கரையக்கூடியதெல்லாம் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கி இறுகிப்போன மேல்தோல் அது. அதற்குக் கீழே இருப்பதுதான் சமாச்சாரம்.

கீழே இருப்பது கடலூர் மணற்கல் என்று புவியியல்காரர்கள் பேர் வைத்த அடுக்கு. புதுச்சேரியில் தொடங்கி நெய்வேலி வழியாகப் புதுக்கோட்டை, சிவகங்கை வரை விட்டுவிட்டு வருகிறது. ஒன்றிரண்டு கோடி வருஷம் முன்னால் தொடங்கி, சில பத்து லட்சம் வருஷம் முன்பு வரைக்கும் ஆறுகள் மேற்கேயிருந்து கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் கூழாங்கல்லும். உங்கள் மாமா கிணற்றில் வந்த முட்டைக் கல் அந்த ஆற்றின் சரக்கு. ஊரே அந்தக் காலத்து ஆற்றுச் சமவெளிதான். இன்றைக்கு அது மேடாக நிற்கிறது, ஆறுகள் அதைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தில் போகின்றன.

இந்த மணலுக்கும் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான் தட்டு வருகிறது. பிள்ளையார்பட்டிக்குப் போனால் பாறை தலைக்கு மேல் நிற்கிறது, அதைக் குடைந்துதான் கோயில். குன்றக்குடியிலும் பாறை மேலேயே இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே, தெற்கே வரவர அதே பழம்பாறை கீழே கீழே இறங்கிவிடுகிறது, மேலே மணலும் களியும் மூடிவிடுகின்றன. காரணம் ரொம்பப் பழையது. 13 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை பிரியும்போது நம் கிழக்குக் கரை நெடுகக் கீறல் விழுந்து, பாறை பாளம் பாளமாக இறங்கியது. இறங்கிய இடம் பள்ளம், இறங்காமல் நின்றது முகடு. அதில் ஒரு முகட்டுக்குப் பேரே தேவகோட்டை–மன்னார்குடி முகடு. எண்ணெய் தேடியவர்கள் கண்டுபிடித்தது. ஒரு பக்கம் இராமநாதபுரம் பள்ளம், மறுபக்கம் தஞ்சாவூர்ப் பள்ளம். கேள்வி கேட்ட தம்பி அந்த முகட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு பூமி ஆடுமா என்கிறார்.

பள்ளத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் வண்டல். இராமநாதபுரம் பக்கம் இயற்கை எரிவாயு கிடைப்பதும், வழுதூரில் அதை எரித்து மின்சாரம் எடுப்பதும் அந்தப் பள்ளத்தின் புண்ணியம். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் இனிப்பாக வருவதும் அதே கதைதான்: மணலடுக்கு கிழக்கே சாய்ந்திருக்கிறது, மேற்கே பெய்த மழை அதற்குள் புகுந்து மெள்ள வடிகட்டிக்கொண்டு வருகிறது.

16 ஜூலை

"ஆறே இல்லை என்று தலைப்பு வைத்தால் மணிமுத்தாறும் தேனாறும் விருசுழியாறும் பாம்பாறும் என்ன வாய்க்காலா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். நியாயம். வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் போனாலும் ஆறு ஆறுதான். தலைப்பு தம்பியுடையது, என்னை அடிக்காதீர்கள்.

20 ஜூலை, மதியம்

தனிமடலில் இருவர் கேட்டது: நகம் வளரும் வேகத்தில் நடப்பது ஆற்றை என்ன செய்துவிடும்?

எங்கள் வீட்டு வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சொல்கிறேன். வளவு வாசலில் கருங்கல் பலகை பதித்திருக்கிறது. நான்கு கூரைத் தண்ணீரும் அதில் விழுந்து, கீழ மூலையில் இருக்கும் சலதாரை வழியாகத் தெருவுக்குப் போகும். நூறு வருஷமாகப் போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பலகை ஆடுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் ஒரு வரிசையை எடுத்து மறுபடி பதித்தார். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ரசமட்டம் வைத்தால்தான் தெரியும், அரை விரற்கடை உயர்ந்துவிட்டது. அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் சலதாரைக்குப் போகவில்லை. வரிசைக்கு மேற்கே குளமாக நின்று, நிறைந்து, பக்கவாட்டில் ஓடி இரண்டாங்கட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் புகுந்தது. மூன்று மூட்டை முளைவிட்டது. ஆத்தா இன்னமும் அந்தக் கொத்தனார் பேரை வீட்டில் சொல்ல விடுவதில்லை.

சமவெளி ஆறு என்பது வளவுத் தண்ணீர்தான். சகாரன்பூரிலிருந்து கொல்கத்தா வரை கங்கைச் சமவெளியின் சரிவு சராசரியாகக் கிலோமீட்டருக்கு 20 செ.மீ. தான். ஒரு சாண் சரிவை நம்பி ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற தண்ணீருக்கு வழியில் ஒரு முழம் மேடு எழும்பினால் போதும், அது வேறு வீட்டுக்குள் புகுந்துவிடும். மலை ஆறு அப்படி இல்லை, அதற்கு வேகம் இருக்கிறது, எழும்புகிற மலையையே அறுத்துக்கொண்டு போகும். சிந்துவும் சட்லெஜும் பிரம்மபுத்திராவும் இமயமலைக்கு மூத்தவை, மலை எழ எழ அறுத்துக்கொண்டே தம் வழியில் நின்றவை.

எங்கள் வளவில் நடந்தது ஒரு ஊரளவில் நடந்த இடம் குஜராத்தின் கட்ச். 1819 ஜூன் 16. நிலநடுக்கத்தில் ரண் உப்புப் பரப்புக்கு நடுவே 80 கிலோமீட்டருக்கும் நீளமாக ஒரு மேடு எழுந்தது, சில இடங்களில் 6 மீட்டர் வரை. சிந்து நதியின் கிழக்குக் கிளை ஒன்று அதில் முட்டி நின்றது. மேட்டுக்குத் தெற்கே தரை இறங்கி, சிந்த்ரி என்ற கோட்டை தண்ணீருக்குள் போனது. மனிதர்கள் கட்டிய அணைகளைப் பார்த்துப் பழகிய ஜனங்கள் இதற்கு அல்லா பந்த் என்று பேர் வைத்தார்கள், ஆண்டவன் கட்டிய அணை. ஏழு வருஷம் கழித்து 1826-ல் பெரிய வெள்ளம் வந்து மேட்டை உடைத்துக்கொண்டு போனது. அணை கட்டியது ஆண்டவனேயானாலும் வெள்ளம் பார்ப்பதில்லை.

20 ஜூலை, மாலை

அல்லா பந்த் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, காணொளியில் சொன்னது சரிதானே, ஒரே நாளில் மாறியது" என்கிறார் தம்பி. மடக்கிவிட்டார். கட்சில் சரி. காரைக்குடியில் இல்லை. உங்கள் கல் கிடந்த மணல் லட்சக்கணக்கான வருஷம் அடுக்கடுக்காகக் கொட்டியது, ஒருநாள் கூத்தில் அது சேராது.

நடுத்தர வேகமும் உண்டு. ஆங்கிலேய நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னல் 1770-களில் வங்காளத்தை அளந்தபோது பிரம்மபுத்திரா, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மதுப்பூர் மேட்டுக்குக் கிழக்கே ஓடியது. 1830 வாக்கில் பெரும்பங்குத் தண்ணீர் மேட்டுக்கு மேற்கே, இன்றைய யமுனா (டெல்லி யமுனை இல்லை, வங்கதேசத்து ஆறு) வழியாகப் போய்விட்டது. இடையில் 1787-ல் தீஸ்தா ஆறு பெருவெள்ளத்தில் வழிமாறி அதில் வந்து விழுந்தது. மதுப்பூர் மேடு மெள்ள எழுந்து சாய்ந்ததுதான் மூலகாரணம் என்பவர்கள் உண்டு, வெள்ளமும் மண்ணுமே போதும் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் என்று படுகிறது. சாய்வு வண்டியை மேட்டு விளிம்பு வரை கொண்டுபோய் நிறுத்தும், தள்ளிவிடுவது வெள்ளம்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. எங்கள் ஊர்க் கண்மாயில் பெருக்கத் தண்ணீர் இல்லை, கரைமேல் நடந்துவிட்டு வந்தேன். ஒன்று தோன்றியது, சொல்லியே ஆக வேண்டும்.

சின்ன வயதில் வடக்கு மடை, தெற்கு மடை இரண்டும் பாயும். இப்போது கண்மாய் நிறைந்து தெற்குக் கலுங்கு வழியாக வழிகிற நாளில்கூட வடக்கு மடை வாயில் தண்ணீர் ஏறுவதில்லை. நாற்பது வருஷத்தில் இது நடந்திருக்கிறது. தரை தெற்கே சாய்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத் தொலையுணர்வு ஆய்வாளர்கள் கொச்சியிலிருந்து இராமநாதபுரம் வரை தரை வளைந்து எழும்புகிறது என்றும், அதற்கு வடக்கே பாலக்காட்டிலிருந்து மணமேல்குடி வரை ஒரு பள்ளப்பட்டை கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். எங்கள் கண்மாய் அதைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

9 ஆகஸ்ட்

மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும், மானம் போனது போனதுதான்.

கானாடுகாத்தான் அண்ணன் ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பி, மடைக்கு முன்னால் குழி தோண்டிப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. ஒரு கொத்தனாரையும் (வேறு ஆள்) மட்டம் பார்க்கிற அவருடைய தண்ணி டியூப்பையும் கூட்டிக்கொண்டு போனேன். வடக்கு மடைக்கு முன்னால் கடப்பாரை போட்டால் இரண்டரை அடிக்குக் கரம்பை, வண்டல் மண். அதற்குக் கீழேதான் பழைய உள்வாய்த் தரை, நத்தை ஓடும் கிளிஞ்சலும் கிடக்கிற கறுப்புக் களி. வரத்துக்கால் வடக்கேதான் வந்து விழுகிறது. வருகிற தண்ணீர் நின்றதும் முதலில் அங்கேதான் மண்ணைப் போடும். போதாக்குறைக்குச் சீமைக்கருவேலம் புகுந்து வந்த மண்ணை வேரால் பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் சித்திரையில் ஊரே வண்டி கட்டி அந்தக் கரம்பையை வயலுக்கு அள்ளிப்போகும், அதை நிறுத்தி முப்பது வருஷம் ஆகிறது.

உட்கார்ந்து ஒரு கணக்கும் போட்டேன், முதலிலேயே போட்டிருக்க வேண்டியது. மடைக்கும் கலுங்குக்கும் அரைக் கிலோமீட்டர். அதற்குள் இரண்டரை அடி சாய்வு என்றால், 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தேவகோட்டை, அதே சாய்வில் காரைக்குடியைவிட 27 மீட்டர் கூடுதலாக இறங்கியிருக்க வேண்டும், நாற்பது வருஷத்தில். பஸ்ஸில் போகிற எவனாவது கவனித்திருப்பான்.

பாரதிதாசன் ஆய்வு பேசுவது ஆயிரக்கணக்கான வருஷக் கணக்கு. அதை இழுத்து என் கண்மாய் மடையில் கட்டியது என் அவசரம்.

17 ஆகஸ்ட்

பர்மாவைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், செட்டிநாட்டு இழையில் யாரும் எழுதவில்லையே.

எங்கள் ஐயா பதினைந்து வயதில் பெட்டியடிப் பையனாக (வட்டிக்கடை எடுபிடி) கொண்டுவிக்கப் போனது பெகுவுக்கு. 1930 மே 5 ராத்திரி அங்கே ஆடியது. சுவேமாதோ பகோடா சரிந்தது, நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஐயா சிட்டை, அதாவது அன்றாடக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாராம். அந்தச் சிட்டையை நான் பார்த்திருக்கிறேன், கறையான் தின்னும் வரை முகப்பு அலமாரியில் இருந்தது. சித்திரை மாதப் பக்கம் ஒன்றில் வட்டித்தொகைக்கு நடுவே பேனா ஒரு கோடாக இழுத்துக்கொண்டு பக்கத்துக்கு வெளியே போயிருக்கும். மறுநாள் வரவை அதற்குக் கீழேயே எழுதியிருப்பார், ஒன்றும் நடக்காத மாதிரி. ஐயா சொன்னதில் என் மனசில் நிற்பது கோபுரம் விழுந்தது இல்லை, வயலில் அங்கங்கே தரை பிளந்து மணலும் தண்ணீரும் பொங்கியது. மணற்பாங்கான ஈரத்தரை குலுங்கினால் அப்படித்தான் குழம்பாகிவிடும். 2001-ல் பூஜ் நிலநடுக்கத்தின்போது ரண் பரப்பிலும் தண்ணீர் பொங்கி, வற்றிப்போன தடங்களில் ஓடியது.

அங்கே ஓடுவது சகாயிங் பிளவு. வடக்கு தெற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஆண்டுக்கு 2 செ.மீ. போல நகர்கின்றன. 2025 மார்ச் 28-ல் மண்டலேயைச் சாய்த்து, பழைய ஆவா பாலத்தை ஆற்றுக்குள் தள்ளியதும் அதே பிளவுதான், அளவு 7.7. வரைபடத்தில் ஐராவதியைப் பாருங்கள். வடக்கேயிருந்து நேராக இறங்கி வருகிற ஆறு மண்டலே வந்ததும் யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி மேற்கே திரும்பும். ஒரு காலத்தில் அது திரும்பாமல் தெற்கேயே போய், இன்று சித்தாங் என்ற சின்ன ஆறு ஓடும் பள்ளத்தாக்கு வழியாகக் கடலில் விழுந்தது என்பது புவியியலில் பழைய கருத்து. அந்தப் பள்ளத்தாக்கு இன்றைய ஆற்றுக்குப் பொருந்தாத அகலம், தாத்தா சட்டையைப் பேரன் போட்ட மாதிரி.

நம்மவர்கள் கடன் கொடுத்து, அடமானம் பிடித்து, கடைசியில் விட்டுவிட்டு வந்த கீழ் பர்மா நெல்வயல் எல்லாம் இந்த ஆறு மலையை அரைத்துக் கொண்டுவந்து போட்ட வண்டல். நம் வீட்டுத் தேக்குத் தூணுக்கு மட்டும்தான் பர்மா என்று சொல்கிறோம்.

18 ஆகஸ்ட்

"ஐயா வட்டிக்கணக்கை முடித்துவிட்டா வெளியே ஓடினார்?" இல்லை, பெட்டியைப் பூட்டிவிட்டு ஓடினார். நம்மவர்தானே.

7 செப்டம்பர்

இராமேசுவரம் போய் வந்தேன். பாம்பன், மண்டபம் பக்கம் அலைமட்டத்துக்கு மேலே பவளப்பாறை காய்ந்துபோய் நிற்கிறது. பவளம் தண்ணீருக்கடியில்தான் வளரும். அப்படியானால் தரை எழுந்ததா, கடல் இறங்கியதா?

கண்மாயில் சூடுபட்ட பூனை நான், இந்த முறை அவசரப்படவில்லை. ஐயாயிரம், ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையோரம் கடல் இன்றைவிடக் கொஞ்சம் உயரத்தில் நின்றது. அது இறங்கினாலே பவளம் வெளியே தெரியும், தரை அசைய வேண்டிய அவசியமே இல்லை. கடல் மட்டும் இறங்கியிருந்தால் கரை நெடுக ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், தரையும் வளைந்திருந்தால் இடத்துக்கு இடம் உயரம் மாறும். அதைப் பார்க்காமல் பேசுவதில் பயனில்லை. தட்டே செய்தது என்று சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டுமானால் 2004 டிசம்பர் 26 இருக்கிறது: நிக்கோபாரின் தென்கோடி இந்திரா முனை ஒரே காலையில் 4.25 மீட்டர் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் நின்றது.

திரும்பும் வழியில் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க் கரையில் டீ குடித்தேன். 258 கிலோமீட்டர் வந்த வைகை முடிகிற இடம். அதற்கு மேல் கடலுக்குப் போகப் பெரும்பாலும் தண்ணீர் மிஞ்சுவதில்லை, சரிவும் கம்மி.

14 செப்டம்பர்

சின்னக் குறிப்பு. செயற்கைக்கோள் படத்தில் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களைப் பார்த்தீர்களா? கரை எல்லாம் வில் மாதிரி. வில்லின் வயிறு பெரும்பாலும் கிழக்கே, தென்கிழக்கே. கடலூர் மணற்கல் சாய்ந்திருக்கும் திசையும் அதுதான். ரசமட்டம் இல்லாத காலத்தில் தண்ணீரை நிறுத்தி வைத்தே ஒரு மாவட்டத்தின் சாய்வு முழுவதையும் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் மடையைத் தவிர.

2 நவம்பர்

தேவகோட்டைத் தம்பி சொன்னபடி கல்லை நேரில் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைப் படிகக்கல், ஒரு பக்கம் லேசாகத் துருச்சிவப்பு. வீட்டுக்குள் வைத்திருந்தேன், ஆத்தா அதைக் கழுவி நார்த்தங்காய் ஜாடி மூடிமேல் வைத்துவிட்டார். காற்றுக்கு மூடி தூக்காமல் இருக்கச் சரியான எடை என்கிறார்.

வளவு வரிசையையும் போன வாரம் பிரித்துப் பதித்தாயிற்று, டியூப் வைத்து. முந்தாநாள் மழையில் தண்ணீர் சலதாரைக்கு ஒழுங்காகப் போனது. ஆறு வருஷமாகக் காய்ந்து கிடந்த சலதாரை வெளியே எங்கே விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. இதற்கிடையில் தெரு ஒரு சாண் உயர்ந்துவிட்டதால் தண்ணீர் இப்போது எதிர்வீட்டுப் பங்காளி முகப்புக்குள் போகிறது. நாளைக் காலை பேச வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.